ஏலத்தில் எடுத்த சேவல்

கோழி வளர்ப்பவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. பூசைக்கு மணி அடித்தாலும் கூண்டைத் திறந்துவிட்டுத்தான் ஓடவேண்டும். காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து நொய்யை வீசிவிட்டுத்தான் மறுபடி படுக்கவேண்டும். வருஷத்தில் ஒரு நாள், பெரிய வெள்ளிக்கிழமையன்றாவது, இந்தச் சனியன்கள் ஒருசந்தி உபவாசம் இருக்கக்கூடாதா என்று பிரிஜெட் முப்பத்துமூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கோழிகள் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. கல்யாணமான புதிதில் பிளாக்பள்ளியில் ஒற்றை அறையில் குடித்தனம் வைத்தபோது இரண்டு பெட்டையும் ஒரு சேவலுமாகத் தொடங்கியது. ரயில்வேயில் கார்டாக இருந்த அவள் புருஷன் ஓஸ்வால்டுக்குச் சம்பளம் கூடி, ரிச்சர்ட்ஸ் டவுனில் கொல்லையோடு ஒரு வீடு அமைந்தபோது, சாமான் வண்டியில் முதலில் ஏறியது கோழிப் பஞ்சாரம்தான். பீரோ இரண்டாவது நடையில் வந்தது. பெற்ற பெண்கள் இரண்டு பேரும் கல்யாணமாகி, ஒருத்தி கோலார் தங்கவயலுக்கும் ஒருத்தி மதராசுக்கும் போய்விட்டார்கள். கோழிகள் மட்டும் எங்கும் போகாமல் அவள் காலையே சுற்றிக்கொண்டிருந்தன.

"பேஜாரா இருக்குதுங்க. இந்த ஈஸ்டரோட எல்லாத்தையும் வித்துடறேன்" என்பாள். எந்த ஈஸ்டர் என்று ஓஸ்வால்ட் கேட்பதில்லை. அவர் பென்ஷன் வாங்கி நான்கு வருஷமாகிறது. இழுப்பு நோய்க்காரர். பின்வாசலில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ரயிலில்லாத குறைக்குக் கோழிகளை நடத்திக்கொண்டிருந்தார்.

நடத்தினார் என்றால் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பென்ஷன் வாங்கியபோது கொடியைத் திருப்பிக் கொடுத்தவர் விசிலைக் கொடுக்கவில்லை. காலையில் பிரிஜெட் கூண்டின் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பாள். அவர் விசிலை ஊதுவார். அப்புறம்தான் கூண்டு திறக்கும். சாயங்காலம் தீனிக்கும் அதே விசில்தான். கொய்யா மரத்தடியில் சீய்த்துக்கொண்டிருப்பது, வேலிக்குள் முட்டையிட இடம் தேடிப் போனது, எல்லாம் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பெண்பிள்ளைகளைப் போல ஓடிவரும். இழுப்பு வந்த நாட்களில் விசில் பாதியில் நின்றுபோகும். கோழிகள் அந்த அரை விசிலுக்கும் வந்தன.

பெயர் வைத்தவரும் அவர்தான். பெட்டைகளுக்கெல்லாம் ஜோலார்பேட்டை லைனில் இருக்கிற ஸ்டேஷன் பெயர்கள். மாலூர், குப்பம், ஒயிட்ஃபீல்டு, பௌரிங்பேட்டை. கொழுத்துப்போய் அசையாமல் கிடந்த ஒன்றுக்கு ஜோலார்பேட்டை. "குப்பம் இன்னிக்கு லேட்டு" என்றால் அந்தப் பெட்டை இன்னும் முட்டையிடவில்லை என்று அர்த்தம். வீட்டுக்கு வந்த பங்குச் சாமியார் ஒருவர் இதைக் கேட்டு, பெரியவருக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டு போனதுமுண்டு.

சலித்துக்கொண்டாலும் பிரிஜெட்டுக்கு அதில் சந்தோஷம் இல்லாமலில்லை. அதை அவள் வெளியே சொல்லமாட்டாள், அவ்வளவுதான். அப்போதுதான் இட்ட முட்டையை எடுத்ததும் யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் ஒருதரம் வைத்துக்கொள்வாள். அடைவைத்த இருபத்தோராம் நாள் காலையில் பெட்டையின் வயிற்றுக்குக் கீழே கையை விட்டு, ஓட்டுக்குள் கொத்துகிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பாள். முழங்கால் வலியெல்லாம் அந்த ஐந்து நிமிஷம் எங்கே போகுமோ தெரியாது. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தாய்க்கோழி முதல் தடவை கொல்லையைச் சுற்றி வருகிறபோது, வேலையை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

போனவற்றின் கதையும் உண்டு. பருந்து தூக்கியது, கீரிப்பிள்ளை கழுத்தைக் கடித்துப் போட்டது, பங்களா நாய் விளையாட்டுக்குக் கொன்றது என்று வருஷத்துக்கு ஐந்தாறு போகும். ஆள் வந்து ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் பிடித்துக்கொண்டு போவதும் உண்டு. அன்றைக்கு அவள் சமையற்கட்டை விட்டு வெளியே வரமாட்டாள். தான் வளர்த்த கோழியின் கறியை அவள் ஒருநாளும் தின்றதில்லை. ஓஸ்வால்ட் தின்பார். தின்றுவிட்டு, "மாலூர் நல்ல ஸ்டேஷன்" என்று சொல்லி வசவு வாங்குவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் மாம்பழக் காலத்தில் அவர்கள் கிழட்டுச் சேவல் செத்துப்போனது. வேறு சேவல் வேண்டும். மார்க்கெட்டில் வாங்கலாம்தான். ஆனால் அந்தக் கோடையில் காக்ஸ் டவுன் பக்கம் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன என்று பேச்சு அடிபட்டது. பிரிஜெட்டுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மார்க்கெட் கோழியை நம்பி வீட்டுக்குள் விடுவதா?

ரயில் பாதைக்கு அந்தப்புறம் குகைபோலக் கட்டிய ஒரு சின்ன அந்தோணியார் கெபி இருந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே கூட்டம் சேரும். வேண்டுதல் உள்ளவர்கள் காலில் ஊதா ரிப்பன் கட்டிய கோழியைக் கொண்டுவந்து புனிதருக்கு நேர்ந்துவிடுவார்கள். செபம் முடிந்ததும் கெபியைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை அவற்றைப் பெரிய கூடையில் போட்டுக் கொண்டுவந்து, வேப்பமரத்தடியில் ஏலம் விடுவார். ஏலத்தில் எடுத்த கோழியைச் சிலர் சமைத்துப் பகிர்ந்து உண்பார்கள். கோழி வளர்க்கிறவர்கள் மட்டும் அறுக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பண்ணையில் விடுவார்கள். புனிதர் கைபட்ட கோழி ஒன்று இருந்தால் மற்றதற்கெல்லாம் சீக்கு அண்டாது என்பது பட்டாளத் தண்டுப்பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்களின் நம்பிக்கை.

பிரிஜெட் ஒரு சிவப்புச் சேவலை எடுத்தாள். நல்ல உயரம், தீப்போன்ற கொண்டை. சேவலுக்குச் சேவலும் ஆச்சு, காவலுக்குக் காவலும் ஆச்சு என்று வழியெல்லாம் சந்தோஷம். ஓஸ்வால்ட் அதைப் பார்த்ததும் "மெட்ராஸ் மெயில்" என்றார். இருபத்தேழு கோழிகளுக்கு நடுவில் அது கெம்பீரமாக நடந்துபோனதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வீட்டில் மௌரீன் இருந்தாள். முப்பது வயது, பிள்ளை இல்லை. இரண்டு கொல்லைக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர். அவளுக்கும் எட்டுப் பெட்டைகள் உண்டு, பிரிஜெட் கொடுத்த முட்டையில் பொரித்தவை. அதில் ஒரு புள்ளிக்கோழி மகா திருடி. ஓஸ்வால்டின் விசில் கேட்டால் சுவரேறிக் குதித்து வந்து தீனியில் பங்குக்கு நிற்கும். ஸ்டேஷன் பெயர் இல்லாத பெட்டை என்பதால் அவர் அதை "டிக்கெட் இல்லாதது" என்று கூப்பிடுவார்.

அந்தச் சமயம் மௌரீனின் புருஷன் கிளாரன்ஸ் டைபாய்டில் கிடந்தான். தந்தி ஆபீஸில் குமாஸ்தா. இரண்டாவது வாரம், காய்ச்சல் இறங்குவதாக இல்லை. மௌரீன் கண்ணுக்குக் கீழே கருத்துப்போய், கஞ்சிச் சட்டியும் ஈரத்துணியுமாக அலைந்துகொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்காமல் பிரிஜெட் சனிக்கிழமை காலை சிவப்புச் சேவலைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போனாள்.

"ரெண்டு நாளு இது உன் பக்கம் இருக்கட்டும் மௌரீன். அந்தோணியார் சேவலு. ஆசீர்வாதம் உங்க வீட்லயும் கொஞ்சம் நடந்துட்டு வரட்டும்."

மௌரீன் சேவலின் தலையைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். சேவல் அவளுடைய எட்டுப் பெட்டைகளுக்கு நடுவே இறங்கியது.

திங்கட்கிழமை அதைத் திருப்பி வாங்கும்போதே சேவல் இறக்கையைத் தொங்கப்போட்டுக் குந்தியிருந்தது. செவ்வாயன்று வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. புதன்கிழமை கழுத்து முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி செத்தது. அன்று சாயங்காலம் விசிலுக்கு ஏழு கோழிகள் வரவில்லை.

அதன் பிறகு நடந்ததைப் பிரிஜெட் நினைத்துப் பார்க்கவே விரும்பமாட்டாள். சின்ன வெங்காயத்தையும் மிளகையும் அரைத்து உருட்டி ஒவ்வொன்றின் வாயாகத் திறந்து போட்டாள். பூண்டு, மஞ்சள், மந்திரித்த தண்ணீர், எதையும் விடவில்லை. கோழிகள் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தன. ஓஸ்வால்டுக்கு இழுக்கிற மாதிரியே இழுத்தது. அதைப் பார்க்க முடியாமல் அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசல்பக்கம் போய்விட்டார். மாலூர் போயிற்று. ஒயிட்ஃபீல்டு போயிற்று. அடையில் இருந்த பௌரிங்பேட்டை முட்டைகளின் மேலேயே விறைத்துக் கிடந்தது. அந்த முட்டைகளுக்குப் பத்தொன்பதாம் நாள். ஒன்றை எடுத்துக் காதில் வைத்தாள். உள்ளே கொத்திக்கொண்டிருந்தது. சூடு ஆறி மறுநாள் அதுவும் நின்றது.

கொய்யா மரத்தடியில் குழி தோண்டித் தோண்டி அவள் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. கடைசியாக ஜோலார்பேட்டையைப் புதைத்துவிட்டு மண்வெட்டியின் மேல் சாய்ந்து நின்றாள். அழக்கூடத் தெம்பில்லை. இனிமேல் காலையில் தூங்கலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. அது வந்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பும் வந்தது.

சுவருக்கு அந்தப்பக்கம் மௌரீனின் எட்டில் ஏழு செத்துப்போயின. புள்ளிக்கோழி மட்டும் ஒரு நாள் சுணங்கிப் படுத்துவிட்டு எழுந்துகொண்டது. அதே வாரம் சனிக்கிழமை கிளாரன்ஸுக்கு வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கியது. கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டான்.

திங்களன்று ஓஸ்வால்ட் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். சேஷகிரி என்று பெயர், மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஒரு காலத்தில் தினமும் ரயிலில் வந்துபோன பழக்கம். முட்டை வாசனைக்கே மூக்கைப் பொத்திக்கொள்கிற மனிதர், மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டு காலிக் கூண்டைக் குனிந்து பார்த்தார். எல்லாம் விசாரித்தார்.

"இது வெள்ளைக் கழிச்சல்மா. புதுசா வந்திருக்கிற வியாதி. மருந்து கிடையாது. நீங்க என்ன பண்ணியிருந்தாலும் நின்னிருக்காது" என்றார். பிறகு, "புதுசா ஏதாவது கோழி வாங்கிண்டு வந்தேளா?" என்று கேட்டார்.

பிரிஜெட் சேவலைப் பற்றிச் சொன்னாள். ஏலத்தைப் பற்றியும் சொன்னாள்.

சேஷகிரி மேல்துண்டை மூக்கிலிருந்து எடுத்தார். பிறகு தயங்கிக்கொண்டே கேட்டார்: "நான் கேக்கறேன்னு தப்பா நினைச்சுக்கப்படாது. ஒருத்தர் சுவாமிக்குக் கோழி நேர்ந்துக்கறது எப்போ? அவா வீட்டுக் கோழிக்குச் சீக்கு வந்தப்போதானே? 'மத்ததையெல்லாம் காப்பாத்து, ஒண்ணை உனக்குத் தரேன்'னுதானே? அப்படின்னா அந்தக் கூடையில சேர்றதெல்லாம் எந்த எந்த வீட்டுக் கோழி?"

பிரிஜெட் கூண்டின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக அவளும் அப்படித்தானே நேர்ந்துகொண்டிருக்கிறாள். சீக்கு வந்த வருஷமெல்லாம் அவள் கையாலேயே ரிப்பன் கட்டிக் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். ஊரிலிருக்கிற ஒரு பெண்ணுக்காவது இது தோன்றியதா? ஒரு முட்டைகூடத் தின்னாத ஆள் வந்து சொல்லவேண்டியிருக்கிறது.

"பிழைச்ச கோழி ஏதாவது இருந்தா அதையும் ரெண்டு மாசம் தனியா வையுங்கோ. பார்க்க நன்னாத்தான் இருக்கும், ஆனா வியாதியைச் சுமந்துண்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு, சுண்ணாம்பு அடிக்கச் சொல்லி, காப்பிகூடக் குடிக்காமல் போனார்.

அவர் போன பிறகு ஓஸ்வால்ட் அவளைப் பார்த்தார். "மௌரீன் கிட்ட சொல்லணுமா?" என்று மட்டும் கேட்டார்.

சொல்லத்தான் போனாள். சுவரோரம் நின்று கூப்பிட்டாள். மௌரீன் ஓடிவந்தாள். பல நாளைக்குப் பிறகு தலை வாரிப் பூ வைத்திருந்தாள்.

"அக்கா, அவரு இன்னிக்கு உக்காந்தாரு. டாக்டரே ஆச்சரியப்பட்டாரு. எனக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா. அவருக்கு வந்தத கோழிங்க வாங்கிக்குச்சு. ஏழு உசுரு குடுத்து ஒரு உசுரு. மிச்சம் இருக்கிற புள்ளிக்கோழிய நாளைக்கு அந்தோணியாருக்கு நேர்ந்து விடப்போறேன்."

பிரிஜெட்டின் வாய்வரைக்கும் வந்தது உள்ளே போய்விட்டது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? "இப்பவே என்ன அவசரம், ரெண்டு மாசம் போவட்டும்" என்று சொல்லிப் பார்த்தாள்.

"நேர்ந்ததத் தள்ளிப்போடலாமா அக்கா?" என்று மௌரீன் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை பிரிஜெட் கெபிக்குப் போனாள். முழங்கால் வலியோடு ரயில் பாதையைத் தாண்டி, மனசுக்குள் தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனாள். சொல்லியிருக்கவேண்டும். சொல்லத் துணிச்சல் இல்லாதவள் வேடிக்கை பார்க்க மட்டும் போகிறாளே? ஏலக்கூடையில் மற்ற கோழிகளோடு புள்ளிக்கோழியும் காலில் ரிப்பனோடு உட்கார்ந்திருந்தது. நேர்ந்துவிட்டவர்கள் ஏலத்தில் நிற்கக்கூடாது என்பதால் மௌரீன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

கூட்டத்தின் முன்வரிசையில் பெட்டி என்கிறவள் நின்றாள். ஒரு பங்களாவின் சமையற்காரர் குடியிருப்பில் இருக்கிற விதவை. பதினான்கு கோழிகள் வைத்து, முட்டை விற்றுத்தான் அவள் அடுப்பு எரிகிறது. அவள் கண் புள்ளிக்கோழியின்மேலேயே இருந்தது. போன தடவை தன் கண் எப்படி இருந்திருக்கும் என்று பிரிஜெட்டுக்கு அப்போது தெரிந்தது.

பக்கத்தில் போய், "அந்தக் கோழி வேணாம் பெட்டி. நல்லதில்ல" என்று காதோடு சொன்னாள்.

பெட்டி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு வேணும்னா நேரா கேட்டுடுங்கம்மா. சும்னே என்னை ஏன் பயமுறுத்தறீங்க? கூடையில தெம்பா இருக்குது பாருங்க, அது எப்படி நல்லதில்லாம போவும்?"

ஏலம் தொடங்கியது. பெட்டி கேட்டாள். பிரிஜெட் மேலே கேட்டாள். பெட்டி இன்னும் மேலே போனாள். கூட்டம் சுவாரசியமாகத் திரும்பிப் பார்த்தது. ஒரு கோழிக்கு யாரும் கேட்காத விலைக்குப் போயிற்று. பெட்டி முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். கோயில்பிள்ளை மூன்று தரம் சொல்லிவிட்டுக் கோழியைப் பிரிஜெட் கையில் கொடுத்தார்.

"பென்ஷன் வீட்டம்மா. இல்லாதவளுக்கு ஒரு ஆசீர்வாதம் போவுதேன்னு பொறுக்கல" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். பெட்டி அழுதுகொண்டே நடந்தாள். பிரிஜெட் கோழியை முந்தானைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். அவள் மனசில் ஒரே ஒரு கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கோழியைக் கொண்டுபோய்விட இந்த ஊரிலேயே பத்திரமான இடம் ஒன்றுதான் இருந்தது. எல்லாம் செத்துப்போன அவளுடைய கொல்லை.

அவள் வீட்டுக்கு வந்ததும் ஓஸ்வால்ட் கோழியையும் அவளையும் பார்த்தார். நாற்காலியைப் பின்வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். சாயங்காலம் வழக்கமான நேரத்துக்குச் சில நாள் கழித்து விசிலை எடுத்து ஊதினார். சுண்ணாம்பு அடித்த வெறும் கொல்லையின் மூலையிலிருந்து புள்ளிக்கோழி, திருடியாக வந்து பழகிய அதே ஓட்டம், தலையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தது. இந்தமுறை அதற்குப் போட்டிக்கு யாருமில்லை. வந்து நின்று சுற்றும் முற்றும் பார்த்தது. பிரிஜெட் இத்தனை நாளாக வராத அழுகையை அப்போது அழுதாள்.

அந்த விசில்தான் மௌரீனைச் சுவரோரம் கொண்டுவந்தது.

"அது என் கோழிதானே அக்கா?" அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "நேர்ந்து விட்டது திரும்பி இதே சுவத்துப் பக்கம் வரலாமா? எத்தனி வீடு இருக்குது ஊர்ல. குடுத்தத வாங்கிட்டா மாதிரி ஆயிடுச்சே. அவருக்கு மறுபடி ஏதாச்சும் ஆனா நான் என்ன பண்ணுவேன்? நீங்களா அக்கா இப்படி?"

"சுத்தி உள்ள வா மௌரீன். வந்து உக்காரு."

மௌரீன் வந்தாள். உட்காரவில்லை. பிரிஜெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே சொன்னாள்.

"உன் கோழிங்கள சாகடிச்சது நான்தான். ஏலத்துல எடுத்த சேவலுக்குச் சீக்கு இருந்துச்சு. எனக்குத் தெரியாது. நான்தான் அத தூக்கிட்டு வந்து உன் பக்கம் விட்டேன். என்னுது இருபத்தேழும் உன்னுது ஏழும் அதாலதான் போச்சு. இதுவும் இன்னும் சீக்கச் சுமந்துட்டிருக்குது. பெட்டி வீட்டுக்குப் போனா அவளுதும் போயிடும். அதுக்குத்தான் எடுத்தேன். நேத்தே உங்கிட்ட சொல்லியிருக்கணும். வாய் வரல."

சொல்லி முடித்துவிட்டுத் தயாராக நின்றாள். திட்டட்டும். எட்டில் ஏழு கோழிகளைக் கொன்றவளை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். சுவரை உயர்த்திக் கட்டிக்கொள்ளட்டும். சொல்லப்போனால் அவளுக்கு அது வேண்டியிருந்தது. ஒரு வசவு வாங்கினால் இந்த நெஞ்சுக்கனம் கொஞ்சம் இறங்கும் என்றிருந்தது.

மௌரீன் வெகுநேரம் கொய்யா மரத்தடியில் கிடந்த புதுமண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னிக்குக்கா சேவல எங்கப் பக்கம் விட்டீங்க?"

"சனிக்கிழமை."

"அவருக்கு ஃபீவர் எறங்கினதும் சனிக்கிழமைதான். சரியா எட்டாம் நாளு."

"மௌரீன், அது வேற, இது வேற. இது ஊர்ல பரவுற சீக்கு."

"எந்தச் சேவலு எந்த வீட்டுக்குப் போவுதுன்னு அந்தோணியாருக்குத் தெரியாதாக்கா?" மௌரீனின் முகம் மெல்ல மாறியது. பயம் போய் அங்கே வேறென்னவோ வந்தது. "அவருதான் உங்க கையில குடுத்து அனுப்பிச்சிருக்காரு. எங்கள்து ஏழு பத்தல, உங்கள்து இருபத்தேழும் சேத்து எடுத்துக்கிட்டாரு. இவ்வளவும் எம்புருஷனுக்காகக் குடுத்துட்டு, ஒரு வார்த்தை சொல்லாம இருந்தீங்களே அக்கா."

பிரிஜெட் இல்லை இல்லை என்றாள். மௌரீன் கேட்கவில்லை. கொப்புளித்த அந்தக் கையை இழுத்து முத்தமிட்டு, முகத்தில் வைத்துக்கொண்டு தேம்பினாள். ஓஸ்வால்ட் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்.

பிரிஜெட் அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னாள். சாமியார் கோழி விஷயமெல்லாம் பாவத்தில் சேராது என்று சொல்லி மூன்று பிரியதத்தச் செபம் சொல்லச் சொன்னார். அங்கேயும் திட்டு கிடைக்கவில்லை. திட்டியது பெட்டி ஒருத்திதான். அதுவும் அவள் கோழிகளைக் காப்பாற்றியதற்காக. நாலு வருஷம் எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அவளுடைய பதினான்கும் அந்த வருஷம் பிழைத்திருந்தன. பிரிஜெட் தெருவில் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் நின்று ஒருதரம் எண்ணிவிட்டுப் போவாள்.

புள்ளிக்கோழிக்கு என்ன ஸ்டேஷன் என்று ஓஸ்வால்ட் ஒருநாள் கேட்டார். பெயர் எதுவும் வேண்டாம் என்றாள். இரண்டு மாசம் கழித்து அது முட்டையிட்டது. அவள் அதைக் கன்னத்தில் வைத்துக்கொள்ளாமல் கூடையில் போட்டாள். அடைவைக்கவில்லை. அந்தக் கொல்லையில் பிறகு ஒரு கோழிக்குமேல் இருந்ததில்லை. வேலை மட்டும் குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. ஒரு கோழிக்கும் காலையில் கூண்டு திறக்கத்தான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமைகளில் அவள் கெபி வாசலில் எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தாள். கோழி கொண்டுவருகிறவர்களை நிறுத்தி, "வீட்ல சீக்கா?" என்று கேட்பாள். இறக்கையைத் தூக்கிப் பார்ப்பாள், வாயைத் திறந்து பார்ப்பாள், வாலுக்குக் கீழே பார்ப்பாள். சரியில்லாததைத் திருப்பி அனுப்பி, அதற்குப் பதில் மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்வாள். ஜனங்கள் அவளுக்குக் கோழி இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சொன்னதைச் செய்தார்கள். மழையோ முழங்கால் வீக்கமோ, எட்டு வருஷம் அவள் ஒரு செவ்வாய்க்கிழமை தவறவில்லை. ஏன் இப்படிக் கஷ்டப்படுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

வருஷாவருஷம் மாம்பழக் காலத்தில் அந்தச் சனிக்கிழமை வந்தால் மௌரீன் நன்றிப் பூசை ஒன்று ஒப்புக்கொடுப்பாள். கிளாரன்ஸ் தடித்து, தொந்தி வைத்து, புதுச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான். மௌரீன் பிரிஜெட்டின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அவனுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பாள். சாமியார் பூசைக் கருத்தைப் படிக்கும்போது, கிளாரன்ஸின் சுகத்துக்காகவும், தன்னுடையதையெல்லாம் கொடுத்த சகோதரி பிரிஜெட்டுக்காகவும் என்று படிப்பார். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். பின்னாலிருக்கிற பெண்கள் அதைப் பார்த்து, எவ்வளவு அடக்கம் பார் என்று சொல்லிக்கொள்வார்கள்.